ஏழைக்கு மட்டும் ஏக்கர் கணக்கா?

'இத்தனை ஏக்கர் வழங்கினோம், இத்தனை பட்டா கொடுத்தோம்' என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். கொடுத்த நிலத்தில் என்ன விளையும் என்பதை மட்டும் எந்த மேடையிலும் சொல்வதில்லை!

இது நேற்று வந்த நோய் அல்ல. 1951-ல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே பூதான இயக்கத்தைத் தொடங்கினார். நோக்கம் உயர்ந்தது. ஆனால் தானமாக வந்ததில் கணிசமான பகுதி பாறை நிலமும் வழக்கில் சிக்கிய நிலமும்தான்! தமிழகத்தில் 2006-ல் நிலமற்ற ஏழை விவசாயக் குடும்பங்களுக்கு 2 ஏக்கர் வரை தரும் திட்டம் வந்தபோதும் கைகாட்டப்பட்டது தரிசு நிலமே. காரணம் இல்லாமலா ஒரு நிலம் தரிசாகக் கிடக்கும்?

அரசுக்கு நிலத்தின் தரம் பார்க்கத் தெரியாதா? நன்றாகவே தெரியும். 1961-ன் நில உச்சவரம்புச் சட்டம், ஐந்து பேர் வரை உள்ள குடும்பத்துக்கு 30 ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1970-ல் அது 15 ஆனது. அது வெறும் ஏக்கர் அல்ல, 'ஸ்டாண்டர்டு ஏக்கர்'! தீர்வையை வைத்துத் தரம் பிரித்து, ஓர் ஏக்கர் நல்ல நஞ்சைக்கு ஈடாகப் பல ஏக்கர் மட்டமான புஞ்சையைக் கணக்கிடுகிறார்கள். நிலக்கிழார் வைத்துக்கொள்வதற்குத் தரம் பார்ப்பவர்கள், ஏழைக்குக் கொடுக்கும்போது நீள அகலம் மட்டும் அளப்பது என்ன நியாயம்?

வணிகச் சகோதரர்களே! கடை பிடிக்கும் முன் தெருவைப் பார்க்கிறீர்கள், ஆள் நடமாட்டம் பார்க்கிறீர்கள், வில்லங்கம் பார்க்கிறீர்கள். சதுர அடியை மட்டும் கேட்டு முன்பணம் கொடுப்பீர்களா? களர் நிலம் பெற்ற விவசாயி, அதைத் திருத்தக் கடன் வாங்குகிறான். கிணறு வெட்ட மேலும் கடன் வாங்குகிறான். தண்ணீர் வராவிட்டால் கூலி வேலைக்கு வெளியூர் பஸ் ஏறுகிறான். பட்டா பெட்டியில் தூங்குகிறது!

எனவே நில ஒப்படைக்கு முன் மண்ணின் ஆழம், உப்பு, நீர், வண்டிப்பாதை நான்கையும் சோதித்து, முடிவைக் கிராம சபையில் படிக்க வேண்டும். மட்டமான நிலம் என்றால் அளவைக் கூட்ட வேண்டும். குளத்தையும் மேய்ச்சல் புறம்போக்கையும் தரிசுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இளைஞர்களே! உங்கள் பகுதியில் பட்டா வழங்கும் விழா நடந்தால், கைதட்டும் முன் சர்வே எண்ணைக் கேளுங்கள். அந்த நிலத்தை நேரில் போய்ப் பாருங்கள். ஏழைக்குத் தேவை காகிதம் அல்ல, கலப்பை இறங்கும் மண்!