6 ஷில்லிங் சண்டை!

ரக்பி என்று ஒரு பந்தாட்டம். இங்கிலாந்தில் பிறந்தது. பந்து உருண்டையாக இராது. உரிக்காத தேங்காய்போல நீண்டு இருக்கும். அதைக் காலால் உதைக்கலாம். கையில் இடுக்கிக்கொண்டும் ஓடலாம். பக்கத்திலோ பின்னாலோ வரும் தன் ஆளுக்கு எறியலாம். முன்னால் நிற்பவனுக்கு எறியக்கூடாது. எதிரிகள் பாய்ந்து வந்து இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தரையில் சாய்ப்பார்கள். அவர்களிடம் சிக்காமல் ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றவேண்டும்.

இந்த ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று "ரக்பி யூனியன்". அதில் கோஷ்டிக்கு 15 பேர். மற்றொன்று "ரக்பி லீக்". அதில் 13 பேர். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி. ஆனால் 100 ஆண்டுகள் ஒருவர் வீட்டு வாசற்படியை ஒருவர் மிதிக்கவில்லை!

கிளப்பும் கிளப்பும் மோதினால் இரண்டிலும் கூட்டம் கூடுகிறது. நாடும் நாடும் மோதும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது.

யூனியனில் நாட்டு ஆட்டம்தான் ராஜா. 2023-ம் ஆண்டு உலகக் கோப்பைக்காக 20 நாடுகள் பிரான்சுக்கு வந்தன. கடைசிப் பந்தயத்தில் தென் ஆப்பிரிக்கா 12 பாயிண்ட், நியூசிலாந்து 11. ஒரே ஒரு பாயிண்டில் கோப்பை கிடைத்தது!

லீக்கில் அப்படி இல்லை. அங்கே கிளப் ஆட்டங்களுக்குத்தான் முதல் பந்தி. பந்தி முடிந்த பிறகு, மிச்சம் இருக்கும் நாட்களில் நாட்டு ஆட்டத்துக்கு இலை போடுகிறார்கள். இங்கிலாந்துத் தீவில் இருந்து ஒரு கோஷ்டி, ஆஸ்திரேலியாவோடு வரிசையாக மூன்று பந்தயம் ஆடுவது லீக்கில் பழைய வழக்கம். 2003-ம் ஆண்டுக்குப் பிறகு அது எப்போது நடந்தது தெரியுமா? 2025-ல்! பிறந்த குழந்தை வளர்ந்து கல்லூரியை முடித்துவிடும்.

ஏன் இந்த வித்தியாசம்? அதற்குக் காரணம் 6 ஷில்லிங்!

கூலி கேட்டவர்கள்

இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர், லங்காஷயர் என்ற இரு பகுதிகள். பஞ்சாலையும் நிலக்கரிச் சுரங்கமும் நிறைந்த சீமை. அங்கே ரக்பி ஆடியவர்கள் மில் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள். தெற்கே ஆடியவர்கள் வக்கீல்கள், டாக்டர்கள், பெரிய பள்ளிக்கூடங்களில் படித்த பணக்கார வீட்டுப் பிள்ளைகள்.

தொழிலாளி ஆட்டத்துக்குப் போனால் அன்றையக் கூலி போயிற்று. கால் முறிந்து படுத்தால் மாதக் கூலியே போயிற்று. மைதானத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான பேர் வருகிறார்கள். அந்தப் பணம் கிளப்பின் பெட்டிக்குப் போகிறது. ஆடுகிறவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை!

சம்பளம் வேண்டாம், ஆட்டத்தால் இழந்த கூலியையாவது கொடுக்க அனுமதி வேண்டும் என்று வடக்கத்தியக் கிளப்புகள் கேட்டன. 1893-ம் ஆண்டு லண்டனில் ஓட்டு எடுத்தார்கள். கொடுக்கலாம் என்று 136 ஓட்டு. கூடாது என்று 282 ஓட்டு. காசு வாங்கினால் ஆட்டத்தின் கௌரவம் கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர்கள் வயிறு நிறைந்தவர்கள்.

1895-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந்தேதி வடக்கத்தியக் கிளப்புகள் ஹட்டர்ஸ்பீல்டு நகரில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடின. தனியாகப் பிரிந்தன. இழந்த கூலிக்காக நாள் ஒன்றுக்கு 6 ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று விதி செய்தன. கூட்டம் வரவேண்டுமே! ஆட்டத்தில் வேகம் வேண்டுமே! அதற்காக 1906-ல் 15 பேரை 13 பேர் ஆக்கினார்கள். இதுதான் பிற்காலத்தில் ரக்பி லீக் ஆயிற்று.

கூலி கிடைத்தது. ஆனால் வேறு ஒன்று போயிற்று. அதுதான் நாடு!

270 வெள்ளி ரூபாய்

வீடு பிரிந்தபோது, தேசக்கொடி யூனியன் கையிலேயே நின்றுவிட்டது. ரக்பியில் முதல் நாட்டுப் பந்தயம் 1871-ம் ஆண்டு மார்ச்சு 27-ந்தேதி எடின்பரோ நகரில் நடந்தது. கோஷ்டிக்கு 20 பேர். ஸ்காட்லாந்து ஜெயித்தது, இங்கிலாந்து தோற்றது. 1883 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நான்கும் தங்களுக்குள் ஆடத் தொடங்கின. (பின்னாளில் அயர்லாந்து அரசியலில் இரண்டாகப் பிரிந்தது. யூனியனில் இன்றும் ஒரே கோஷ்டிதான்!)

பட்டாளம் போன இடமெல்லாம், வெள்ளைக்காரக் கல்லூரி வந்த இடமெல்லாம் யூனியன் ஆட்டமும் போயிற்று. இலங்கைப் பள்ளிக்கூடங்களில் இன்று ஆடுவதும் யூனியன்தான். கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ஒரு ரக்பி கிளப் வைத்திருந்தார்கள். அதை மூடும்போது, பாங்கியில் இருந்த பணத்தை 270 வெள்ளி ரூபாயாக வாங்கினார்கள். அதை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். கைப்பிடிகள் நாகப்பாம்பு, மூடியின் மேலே யானை! அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான் 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுகின்றன. கல்கத்தாவில் கிளப் போயிற்று. ரூபாய் மட்டும் இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது.

லீக்காரர்களுக்கு இதெல்லாம் இல்லை. நாட்டுப் பந்தயம் வைக்க ஆசை. எதிர்த்து ஆட நாடு வேண்டாமா? 1904-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந்தேதி ஒரு தந்திரம் செய்தார்கள். வடக்கத்தியக் கிளப்புகளில் ஆடிவந்த வேல்ஸ்காரர்களையும் ஸ்காட்லாந்துக்காரர்களையும் ஒன்று சேர்த்தார்கள். "பிறநாட்டார்" என்று பெயர் வைத்தார்கள். விகன் நகரில் இங்கிலாந்துக்கு எதிராக இறக்கினார்கள். 9-3 என்று பிறநாட்டார் ஜெயித்துவிட்டார்கள்! உலகப் படத்தில் இல்லாத ஒரு நாடு, லீக்கின் முதல் நாட்டுப் பந்தயத்திலேயே வெற்றி பெற்றது.

பிறகு உண்மையான ஒரு நாடும் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஒரு தபால் ஆபீஸ் குமாஸ்தா. பெயர் ஆல்பர்ட் பாஸ்கர்வில். ஊர் நியூசிலாந்தில் வெலிங்டன். 1907-ல் அவர் ஒரு கோஷ்டியைத் திரட்டினார். ஆளுக்கு 50 பவுன் முதல் போட்டுக் கப்பல் ஏறினார்கள். யூனியன்காரர்கள் அவர்களைத் துரோகிகள் என்றார்கள். இங்கிலாந்தில் நடந்த மூன்று பெரிய பந்தயங்களில் இரண்டில் அவர்கள் ஜெயித்தார்கள். பாஸ்கர்வில் ஊர் திரும்பவில்லை. திரும்பும் வழியில் ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேன் நகரில், நிமோனியா காய்ச்சலில் இறந்துபோனார். வயது 25.

துரோகி என்பது வெறும் வசவு அல்ல. லீக்கில் கால் வைத்தவனை யூனியன் ஆயுள் முழுவதும் தள்ளி வைத்தது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவன் லீக் கிளப்பில் சோதனை ஆட்டம் ஆடினால், பெயரை மாற்றிக்கொண்டு ஆடுவான். பெயர் வெளியே தெரிந்தால் நாட்டுச் சட்டையை மறுபடி போட முடியாது. குழந்தைகளுக்குச் சோறா, நாட்டுச் சட்டையா என்று ஒருவனைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது கொடுமை. அந்தக் கொடுமை 100 ஆண்டு நடந்தது.

முந்தியது யார்?

உலகக் கோப்பையை முதலில் நடத்தியது யூனியன் என்றுதான் பலரும் நினைப்பார்கள். இல்லை. லீக்தான்! 1954-ல் பிரான்சில் நடத்தினார்கள். யூனியன் உலகக் கோப்பை தொடங்கியது 1987-ல். 33 ஆண்டு பின்னால்!

பிரான்சுக்கு இதில் தனிப் பெருமை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, ஜெர்மானியருக்குப் பணிந்துபோன விஷி சர்க்கார் அங்கே லீக் ஆட்டத்தையே தடை செய்தது. அதன் சொத்தையும் பறித்தது. அதிலிருந்து எழுந்து வந்தவர்கள்தான் உலகக் கோப்பைக்கு யோசனை சொன்னவர்கள். நான்கே நாடுகள் ஆடின. பாரிசில் நடந்த கடைசிப் பந்தயத்தில் பிரிட்டன் 16-12 என்று பிரான்சை ஜெயித்தது. பார்க்க வந்தவர்கள் 30 ஆயிரத்துக்கு மேல்.

அதே 1954-ம் ஆண்டு மே மாதம், இங்கிலாந்தில் ஓட்சல் மைதானத்தில் வாரிங்டன், ஹாலிபாக்ஸ் என்ற இரண்டு ஊர்க் கிளப்புகள் மோதின. கணக்கில் வந்த கூட்டம் 1,02,569! உலகக் கோப்பைக்கு 30 ஆயிரம். ஊர்க் கோப்பைக்கு ஒரு லட்சம்! லீக்கின் பலமும் பலவீனமும் இந்த இரண்டு கணக்கில் இருக்கிறது. ஊர்ப் பாசம் என்பது கெட்டது அல்ல. ஆனால் ஊரே எல்லாவற்றையும் தின்றுவிட்டால் நாட்டுக்கு என்ன மிஞ்சும்?

ஆஸ்திரேலியாவில் இது இன்னும் வேகமாக நடந்தது. சிட்னி கிளப்புகளில் பணம் அதிகம். குவீன்ஸ்லாந்து மாநிலத்து இளைஞர்கள் அங்கே போனார்கள். போனவர்கள் சொந்த மாநிலத்துக்கு எதிராகவே ஆடவேண்டி வந்தது. 1980-ல் விதியை மாற்றினார்கள். எந்த மாநிலத்தில் ஆடத் தொடங்கினானோ அந்த மாநிலத்துக்கே ஆடவேண்டும். ஜூலை 8-ந்தேதி பிரிஸ்பேன் நகரில் லாங் பார்க் மைதானத்தில், 35 வயது ஆர்தர் பீட்சன் தலைமையில் குவீன்ஸ்லாந்து 20-10 என்று ஜெயித்தது. அன்று முதல் மாநில ஆட்டம்தான் அங்கே திருவிழா. உலகக் கோப்பை அதற்கு அடுத்தபடிதான். 16 கோப்பைகளில் 12-ஐ ஆஸ்திரேலியாவே எடுத்துக்கொண்டது. ஒருவனே எப்போதும் ஜெயித்தால் பார்ப்பவனுக்கும் சலிக்கும் அல்லவா?

1995-ல் யூனியனும் பணிந்தது. சம்பளம் வாங்கி ஆடலாம் என்று ஆகஸ்டு மாதம் அறிவித்தார்கள். ஹட்டர்ஸ்பீல்டு ஹோட்டல் கூட்டம் நடந்து சரியாக 100 ஆண்டு! கௌரவம் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

ஒரே நாளில் இரண்டு ஆட்டம்

பசிபிக் மகா சமுத்திரத்தில் டோங்கா, சமோவா என்று சின்னஞ்சிறு தீவு நாடுகள் இருக்கின்றன. டோங்காவின் ஜனத்தொகை சுமார் ஒரு லட்சம். அங்கிருந்து பிழைப்புத் தேடி நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன குடும்பங்கள் ஏராளம். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் மலைபோல இருப்பார்கள்; மான்போல ஓடுவார்கள். பணக்கார நாடுகள் அவர்களைத் தங்கள் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டன.

யூனியனில் ஒரு நாட்டுச் சட்டையை ஒருமுறை போட்டுவிட்டால், பல ஆண்டுகளாகக் கழற்ற வழி இல்லாமல் இருந்தது. லீக்கில் அந்தக் கட்டு தளர்ந்து இருந்தது. நாட்டு ஆட்டம் நலிந்து கிடந்ததால் விதிகளும் இளகின என்று சொல்லலாம். அந்த நலிவில் ஒரு நன்மை விளைந்தது. 2017-ம் ஆண்டு உலகக் கோப்பைக்கு முன்பு, ஜேசன் டௌமலோலோ என்ற பெரிய வீரர் நியூசிலாந்து வேண்டாம் என்றார். ஆண்ட்ரூ பிபிட்டா ஆஸ்திரேலியா வேண்டாம் என்றார். பெரிய பணம் கிடைக்கும் சட்டையை விட்டு, பூர்வீக நாடான டோங்காவுக்கு ஆடப்போனார்கள்! டோங்கா 28-22 என்று நியூசிலாந்தை ஜெயித்தது.

நவம்பர் 25-ந்தேதி ஆக்லாந்து நகரில் அரை இறுதி. எதிரி இங்கிலாந்து. மைதானம் முழுவதும் சிவப்புக் கொடி. ஆட்டம் முடிய ஏழு நிமிஷந்தான் இருந்தது. இங்கிலாந்து 20, டோங்கா 0. அதற்கு மேல் டோங்கா மூன்று முறை கோட்டைத் தாண்டியது! 20-18. கடைசி நொடியில் பிபிட்டா கையில் இருந்த பந்து நழுவியது. அது நழுவியதா, பறிக்கப்பட்டதா என்று பெரிய சச்சரவு. தோற்றபின் இரண்டு கோஷ்டியும் வட்டமாக மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்தார்கள்.

அதே தேதியில் லண்டனில் யூனியன் பந்தயம். இங்கிலாந்து 48, சமோவா 14. யூனியன் வழக்கப்படி, யாருடைய மைதானமோ அவருக்கே டிக்கெட் பணம். சமோவா சங்கத்தின் கையில் காசு இல்லை. இங்கிலாந்து சங்கம் "நல்லெண்ணம்" என்று சொல்லி 75 ஆயிரம் பவுன் கொடுத்தது. ஆட்டம் இருவர் ஆடுகிறார்கள், வசூல் ஒருவருக்கு, மற்றவருக்கு நல்லெண்ணம்! 1893-ல் ஓட்டுப் போட்ட கனவான்கள் இருந்தால் இதை ஒப்புக்கொண்டிருப்பார்கள். டிக்கெட் பணத்தில் வந்தவருக்கும் பங்கு வேண்டும். அது தர்மம் அல்ல, கூலி.

யூனியன் பிறகு ஒரு விஷயத்தில் திருந்தியது. 2022 முதல், மூன்று ஆண்டு சும்மா இருந்தால், பிறந்த நாட்டுக்கோ பெற்றோர், பாட்டன் பாட்டியின் நாட்டுக்கோ மாறலாம் என்று விதி செய்தது. கொடி இல்லாத தம்பியிடம் கொடியுள்ள அண்ணன் கற்றது இது.

லீக் அதிகாரிகள் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. நாட்டு ஆட்டத்துக்கு ஆண்டுதோறும் நாள் குறித்துக் கொடுக்கவேண்டும். 2019 நவம்பரில் டோங்கா, ஆஸ்திரேலியாவையே 16-12 என்று ஜெயித்தது. அப்படி ஜெயித்த கோஷ்டியின் அடுத்த ஆட்டம் 2022 ஜூனில்! இடையில் கொரோனா வந்தது உண்மை. ஆனால் அந்த நாட்களில் கிளப் ஆட்டமும் மாநில ஆட்டமும் எப்படியோ நடந்தன.

நாட்டு ஆட்டத்துக்குக் கூட்டம் வராது என்பது பழைய சாக்கு. 2025 அக்டோபரில் பிரிஸ்பேன் நகரில் சமோவாவும் டோங்காவும் லீக் ஆடின. மாநில ஆட்டம் பிறந்த அதே லாங் பார்க் மைதானம். வந்தவர்கள் 40 ஆயிரத்துக்கு மேல். அன்று ஆடியது குவீன்ஸ்லாந்தும் அல்ல, ஆஸ்திரேலியாவும் அல்ல.