18 வயசு முடிஞ்சா பாதுகாப்பும் முடிஞ்சிடுமா?



வாடகைக்கு வீடு கேட்டா ஆதார் கேட்கிறாங்க. பாஸ்போர்ட் கேட்டா போலீஸ் விசாரணை நடக்குது. ஆனா, தனக்கு நடந்ததைச் சொல்லக்கூட முடியாத ஒருவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றிவிடும் காப்பக ஊழியர் யார்? இதுக்கு முன்னாடி எங்கே வேலை பார்த்தார்? ஏன் அங்கிருந்து வந்தார்? கேட்டா காட்ட ஒரு பதிவேடு வேண்டாமா?

குழந்தைகள் தங்கும் இல்லம் என்றால், நிரந்தரமோ ஒப்பந்தமோ, ஒவ்வொரு ஊழியருக்கும் அவ்வப்போது போலீஸ் சரிபார்ப்பு கட்டாயம் என்கின்றன 2020 போக்சோ விதிகள். நல்ல விதி. ஆனா அந்தப் பிள்ளைக்கு 18 முடிஞ்ச மறுநாள்? மனவளர்ச்சி குழந்தையுடையதாகவே இருந்தாலும் போக்சோ பொருந்தாது என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 50-வது பிரிவு, இல்லத்தைப் பதிவு செய்யச் சொல்லுது. உள்ளே வேலை செய்பவரின் பின்னணியைப் பார்த்து ஆவணம் வைக்கச் சொல்லி அதில் ஒரு வரி இல்லை. கட்டடத்துக்குச் சான்று இருக்கு, கைக்குச் சான்று இல்லை!

விளைவு? ஒரு இல்லத்தில் தப்பு பண்ணி "சத்தமில்லாம" அனுப்பப்பட்டவர், அடுத்த மாவட்டத்தில் புது ஆளாக வேலைக்குச் சேரலாம்.

"இதெல்லாம் செலவு" என்பார்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். மிச்சம் தேவை ஒரு பதிவேடு, ஒரு பூட்டு. ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டத்தில் பதிவுபெற்ற நிறுவனங்கள் இந்த ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்கணும். ஏன்? பாதிக்கப்பட்டவர் வாய் திறக்கவே பல வருஷம் ஆகும்!

இது ஊழியர்களுக்கு எதிரானது இல்லை. குறைந்த கூலிக்கு ராப்பகலா உழைக்கும் நேர்மையான அக்காக்களுக்கு அந்தப் பதிவேடுதான் கவசம்.

நம் கோரிக்கை:
✊ வயது வரம்பின்றி எல்லா இல்லங்களிலும் ஊழியர் சரிபார்ப்பு. கட்டணம் அரசே ஏற்கணும்.
✊ சரிபார்த்த தேதி, அடுத்த தேதி, விலகிய காரணம் பதிவேட்டில் இருக்கணும். வேலையை விட்டுப் போனாலும் 7 ஆண்டு அழிக்கக் கூடாது.
✊ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் ஆய்வில் முதலில் அதைப் பார்க்கணும். ஊழியரின் அந்தரங்கம் வெளியே கசியக் கூடாது.

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் சங்கிலியோடு 28 பேர் கருகிய பிறகுதான் மனநலக் காப்பகங்களை நாடு எட்டிப் பார்த்தது. இந்த முறையும் பிணம் விழணுமா?

உங்க ஊர் இல்லத்துக்குப் போங்க. "பதிவேடு எங்கே?" என்று கேளுங்க. பகிருங்க!

#பதிவேடு_எங்கே