காங்கேசன்துறை வெளிச்சவீடு இருளில் நிற்பதா?

காங்கேசன்துறைக்குப் புகைவண்டி 2015 ஆம் ஆண்டு ஜனவரியில் மீண்டும் வந்தது. நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபரில் வந்தது. துறைமுகத்தைப் புதுக்குவதற்கு 61.5 மில்லியன் டொலரை இந்தியா கொடுக்க முன்வந்துள்ளதாக 2024 இல் செய்தியும் வந்தது. இத்தனையும் வந்த அத்துறையிலே, 1893 இல் எழுப்பப்பட்ட வெளிச்சவீடு மட்டும் போரிலே காயம்பட்ட நாள்தொட்டு விளக்கிழந்து நிற்கின்றது. கப்பலை அழைப்பார்களாம், கப்பலுக்கு வழிகாட்டிய கோபுரத்தை ஏறெடுத்தும் பாரார்களாம்! இஃது எந்த நாட்டு நியாயம் என்று கேட்கின்றோம்.

"வெள்ளைக்காரன் தன் வாணிபத்துக்குக் கட்டிய தூண், அது போனால் தமிழனுக்கு என்ன நட்டம்?" என்பாரும் எம்மவருள் உளர். கட்டியவன் வெள்ளையன், மறுப்பார் யாருமிலர். ஆயின் கலங்கரை விளக்கம் என்ற சொல் சிலப்பதிகாரத்துச் சொல். நீர்ப்பெயற்றுத் துறையிலே வானளாவிய மாடத்தில் இரவு முழுதும் எரிந்த விளக்கைப் பெரும்பாணாற்றுப்படை பாடுகின்றது. கடலோடிய இனத்தின் பிள்ளைகள், கரையில் நிற்கும் விளக்கை அந்நியப் பொருள் என்று தள்ளுவது நகைப்புக்கிடமானது.

குடாநாட்டின் கரையை எண்ணிப் பாருங்கள். மலையில்லை, குன்றுமில்லை. தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம் அப்படியே கடலுள் இறங்குகின்றது. கடலிலிருந்து நோக்குவோனுக்குப் பனைவரிசை எங்கும் ஒன்றுபோலவே தோன்றும். இது மயிலிட்டியா, கீரிமலையா என்று பகலிலேயே மயங்குவான். பாக்கு நீரிணையோ ஆழங்குறைந்தது. கரையை அடுத்து முருகைக்கற் பாறையும் உண்டு. இத்தகைய கரையில் 22 மீற்றர் உயரக் கோபுரம் அலங்காரத்திற்காக எழுந்ததன்று. அவ்வுயரத்து ஒளி கடல்மட்டத்தில் ஏறத்தாழ 10 கடல்மைல் தொலைவுக்கு எட்டும். ஒவ்வொரு வெளிச்சவீடும் தனக்கே உரிய முறையில், உரிய இடைவெளி விட்டு மின்னும். மாலுமி அதனை எண்ணித் தான் எக்கரைக்கு நேரே நிற்கின்றான் என்று தெளிவான். பகலிலே கோபுரமே அடையாளம்.

இன்று செய்மதி வழிகாட்டுகிறதே என்பது மற்றொரு கட்சி. பெருங்கப்பலுக்கு அது போதும் என்றே வைத்துக்கொள்வோம். 1990 இல் இடம்பெயர்ந்து, 27 ஆண்டுகள் அகதியாய் அலைந்து, 2017 இல் தன் துறையை மீளப் பெற்ற மயிலிட்டி மீனவனுடைய சிறு படகிலே கருவி பழுதுபட்டால், அல்லது மின்கலம் தீர்ந்தால், அவன் எதைப் பார்த்துக் கரை சேர்வது?

தென்னிலங்கையில் நடந்ததைச் சற்று நோக்குவோம். காலி வெளிச்சவீடு 1934 இல் தீக்கிரையாயிற்று. 1939 இல் புதிய கோபுரம் எழுந்துவிட்டது. (அக்காலத்தில் ஆண்டவன் அந்நியன் என்பது கவனிக்கத்தக்கது!) கொழும்புக் கோட்டையில் மணிக்கூட்டுக் கோபுரத்தின் மேல் 1867 முதல் எரிந்த விளக்கு 1952 இல் அணைக்கப்பட்டது. விளக்குப் போயிற்று, கோபுரம் போகவில்லை. வடகரையின் கதை வேறு. முல்லைத்தீவில் 1896 இல் நாட்டிய இரும்புக் கோபுரம், தன் நூறாவது வயதிலே, 1996 இல் போரில் அழிந்தது. காங்கேசன்துறைக் கோபுரமாவது எஞ்சியிருக்கின்றதே! உப்புக்காற்றுக்கும் மழைக்கும் விட்டுவைத்தால் இதுவும் எத்தனை நாளைக்கு?

சட்டத்தின் போக்கையும் விவசாயப் பெருமக்கள் அறிந்திருத்தல் நன்று. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டி இராச்சியம் வீழ்ந்த 1815 மார்ச் 2 ஆம் திகதியை எல்லைக்கோடாகக் கொண்டது. அதற்குப் பிற்பட்ட கட்டடத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமாயின் அதற்கெனத் தனிக்கட்டளை வர்த்தமானியில் வெளிவரல் வேண்டும். அஃதாவது, கேளாதவனுக்கு எதுவும் கிடையாது. நியாயவாதிகளுக்குக் குறைவில்லாத யாழ்ப்பாணத்திலே ஒரு விண்ணப்பம் எழுதக் கையில்லையா? பொறியியலாளர் நால்வர் ஓய்வுநாளொன்றில் கோபுரத்தை அளந்து, வெடிப்புகளைக் குறித்து, செலவைக் கணக்கிட்டுக் கொடுத்தலாகாதா? வலிகாமம் வடக்குக் கமக்காரரிலே செம்மண் நிலத்தை இன்னும் முற்றாக மீளப் பெறாதோர் உளர். வேலிக்குள் அகப்பட்டது காணி மட்டுமன்று, இக்கோபுரமுந்தான் என்பதை அவர்களுக்கு நாம் எடுத்துக் கூறவேண்டியதில்லை.

எமது கோரிக்கை பெரிதன்று. கோபுரம் செப்பனிடப்படல் வேண்டும். விளக்கு ஏற்றப்படல் வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னமென வர்த்தமானியில் அறிவிக்கப்படல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் எவரிடமும் அனுமதிச் சீட்டு வாங்காது ஏறிப் பார்க்கும் நிலை வரல் வேண்டும். துறைமுகத்துக்கென ஒதுக்கப்படும் அந்த 61.5 மில்லியன் டொலர்க் கணக்கிலே வெளிச்சவீட்டுக்கு ஒரு வரியேனும் உண்டா? இல்லையாயின், அதனைச் சேர்க்குமாறு கேட்டவர் யார்? வரவுசெலவுத் திட்ட விவாதம் தொடங்குமுன் எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் விடை கூறட்டும்.