“ஒரிஜினல்” என்ற மூடநம்பிக்கை: ஒரு சின்ன கிட்டாரின் கேஸ் ஷீட்

1/
ஒரு கேள்வி. உங்க அப்பாவுக்குப் பல் ரெண்டு சொத்தை. சாப்பிட முடியல. “தொடாதீங்க டாக்டர், அது ஒரிஜினல் பல்”னு சொல்வீங்களா? மாட்டீங்க. ஆனா பழைய எலெக்ட்ரிக் கிட்டார்னு வந்துட்டா நல்லாப் படிச்சவங்களே இதைத்தான் சொல்றாங்க. இன்னைக்கு இதைக் கொஞ்சம் காரமாவே பேசப் போறேன். நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்துடுங்க.

2/
என் கதை சுருக்கமா. இங்கிலாந்துல டாக்டர். 20 வருஷமா ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாசிக்கிறேன். 47 வயசுல இடது கட்டைவிரல் அடிமூட்டுல தேய்மானம். எஃப் கார்டு பிடிச்சா 10 நிமிஷத்துல வலி. கிட்டாரை விடணும், இல்லைன்னா சின்ன கிட்டாருக்கு மாறணும். மாறினேன். 1966 ஃபெண்டர் மஸ்டாங்.

3/
கிட்டார் தெரியாதவங்களுக்கு: தலைப்பக்கம் கம்பி உட்கார்ற ‘நட்’டுல இருந்து கீழே ‘பிரிட்ஜ்’ வரைக்கும் கம்பி அதிர்ற நீளம்தான் ‘ஸ்கேல்’. ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு 25.5 அங்குலம். மஸ்டாங்குக்கு 24. சில பழைய மாடல்களுக்கு 22.5. ஒன்றரை அங்குலம்தானேன்னு தோணும். கணக்கைப் பாருங்க.

4/
அதே கம்பி, அதே சுருதி. 24 அங்குலத்துல கம்பியின் இழுவிசை சுமார் 11% குறைவு. 22.5-ல சுமார் 22% குறைவு. நட்டுல இருந்து நாலாவது ஃப்ரெட் வரைக்கும் உள்ள தூரம் 25.5-ல ஏறக்குறைய 134 மில்லிமீட்டர், 24-ல 126. விரல் விரிய வேண்டிய தூரத்துல 8 மில்லிமீட்டர் மிச்சம். சின்னக் கைக்கும் வலிக்கிற கைக்கும் அது பெரிய விஷயம்.

5/
இப்ப டாக்டரா பேசறேன். கட்டைவிரல் நுனியில 1 கிலோ அழுத்தம் கொடுத்தா அடிமூட்டுல சுமார் 12 கிலோ இறங்கும். மூட்டோட அமைப்பு அப்படி. அதனால நுனியில குறையுற ஒவ்வொரு கிராமும் லாபம். சின்ன ஸ்கேல் மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து இல்ல, அப்படி யாராவது வித்தா நம்பாதீங்க. ஆனா சுமை குறையும். “வலிச்சாத்தான் கை பழகும்”னு சொல்ற வாத்தியார்களுக்கு: விரல் நுனித் தோல் காய்ச்சுப் போறது வேற, மூட்டு வலி வேற.

6/
இந்தச் சின்ன கிட்டார்கள் யாருக்காக வந்தன? ஃபெண்டர் 1956-ல் மியூசிக்மாஸ்டர், டியோ-சோனிக் என்ற இரண்டு மாடல்களை 22.5 அங்குல ஸ்கேலில் கொண்டுவந்தது. 1964-ல் மஸ்டாங். மூன்றுமே மாணவர்களுக்கான, விலை குறைந்த கிட்டார்கள். பிஞ்சுக் கை பிடிக்கணும், பையன் கீழே போட்டாலும் தாங்கணும். கண்ணாடிப் பெட்டியில வைக்க யாரும் இதைச் செய்யல.

7/
என் மஸ்டாங்கை வித்த கடையின் பேர் வேண்டாம். “எல்லாமே ஒரிஜினல் சார், ஃப்ரெட் உட்பட”னு பெருமையா சொன்னாங்க. அந்த “ஃப்ரெட் உட்பட”தான் நோயே. முதல் மூணு ஃப்ரெட்டும் கம்பி உரசி உரசிக் குழி விழுந்திருந்தது. குழி விழுந்தா கம்பி அடுத்த ஃப்ரெட்டுல தட்டி இரையும். இரைச்சலை மறைக்க பிரிட்ஜை உயர்த்தி வச்சிருந்தாங்க. கம்பி உயர்ந்தா? இன்னும் பலமா அழுத்தணும்.

8/
அதாவது சின்னக் கைக்காகச் செஞ்ச கிட்டார், “ஒரிஜினல்” என்ற ஒரே காரணத்துக்காக, என் பழைய கிட்டாரை விட அதிகமா வலியைக் கொடுத்தது. ரிப்பேர் செய்யறவரிடம் போனேன். “ஃப்ரெட் மாத்தினா விலை போயிடும் டாக்டர், வேண்டாம்”னார். மாத்தினா வாசிக்கலாமான்னு கேட்டேன். “தாராளமா வாசிக்கலாம். ஆனா விலை…”

9/
சரி, திறந்தாவது பாருங்கன்னு சொன்னேன். திறந்தார். பிக்கப் ரெண்டுல ஒண்ணு யாரோ மறுபடி சுத்தினது! புதுக் கம்பி, மேலே பழைய டேப்பை ஒட்டி மறைச்சிருந்தாங்க. “எல்லாமே ஒரிஜினல்” கிட்டார் ஏற்கெனவே ஒரு ஆபரேஷன் முடிஞ்ச பேஷன்ட். கேஸ் ஷீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டாங்க, அவ்வளவுதான்.

10/
எனக்கு முதல்ல கோபம் வந்தது கடைக்காரர் மேல. அப்புறம் யோசிச்சேன். அந்த வேலை சுத்தமா இருந்தது. செத்துப்போன பிக்கப்பைப் பிழைக்க வச்சிருக்காங்க. அதை ஏன் திருட்டுத்தனமா மறைக்கணும்? சொன்னா விலை குறையும். உண்மையைச் சொல்றவனுக்கு அபராதம், மறைக்கிறவனுக்குப் பரிசு. இந்தப் பொய்யை வளர்த்தது கடைக்காரர் மட்டும் இல்ல. “ஒரிஜினலா? ஒரிஜினலா?”னு கேக்கிற நாமளும்தான்.

11/
வரலாறு பேசறவங்களுக்கு வரலாறே பதில் சொல்லும். ஜான் லெனன் 1960-ல் ஹாம்பர்க்கில் ஒரு ரிக்கன்பேக்கர் 325 வாங்கினார். ஸ்கேல் 20.75 அங்குலம்தான், மஸ்டாங்கை விடச் சின்னது. மர நிறத்தில் இருந்த அதற்குக் கறுப்புப் பெயின்ட் அடிக்க வைத்தார். வைப்ராட்டோவைக் கழற்றிவிட்டு பிக்ஸ்பி மாட்டினார். இன்னைக்கு ஒரு சேகரிப்பாளர் முன்னாடி இதைச் செஞ்சா அவருக்கு நெஞ்சுவலி வந்துடும். லெனன் வாசிச்சுட்டுப் போயிட்டார்.

12/
கர்ட் கோபேன். அவருடைய 1965 ஜாகுவார், இதுவும் 24 அங்குலம். அவர் கைக்கு வரும்போதே முந்தைய சொந்தக்காரர் பிக்கப்பை மாத்தி ஹம்பக்கர் போட்டிருந்தார். “கெட்டுப்போன” கிட்டார்! நிர்வாணா அதை வச்சுத்தான் மேடை ஏறியது. ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ வீடியோவில் அவர் வாசித்த 1969 மஸ்டாங் 2022-ல் 45 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்த விலை வாசிச்ச கைக்கு வந்தது.

13/
எதிர்வாதத்தையும் நேர்மையா வைக்கிறேன். “தொடாத கிட்டார்தான் அந்தக் காலத்துக்குச் சாட்சி. எல்லாரும் மாத்திட்டா அடுத்த தலைமுறை எதைப் பார்த்துக் கத்துக்கும்?” நியாயம். உண்மையிலேயே கை படாத, நல்ல நிலையில இருக்கிற ஒண்ணு கிடைச்சா நானும் தொட மாட்டேன். ஆனா குழி விழுந்த ஃப்ரெட், செத்த பிக்கப், வளைஞ்ச கழுத்தோட கிடக்கிறதைத் தொடாம வைக்கிறது பாதுகாப்பு இல்ல. அது பராமரிப்பை மறுக்கிறது.

14/
இன்னொரு பக்கம், மாத்தறேன்னு வெறியா இறங்குறவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. ஹம்பக்கர் உட்கார இடம் வேணும்னு 1966 மரத்தை ரவுட்டர் வச்சுக் குடையாதீங்க. குடைஞ்ச மரம் திரும்ப வளராது. எங்க தொழில்ல முதல் பாடம்: தீங்கு செய்யாதே. திரும்ப எடுக்கக்கூடிய வைத்தியம் இருக்கும்போது வெட்டாதே.

15/
மஸ்டாங்குக்குத் திரும்ப எடுக்கக்கூடிய வைத்தியம் நிறைய இருக்கு.
• பிரிட்ஜ் ரெண்டு காலில் நின்னு ஆடுதா? காலைச் சுத்தி டேப். சுருதி நிக்கும்.
• கம்பி தொளதொளன்னு இருக்கா? 10 போடற இடத்துல 11 போடுங்க. கை வலி இருந்தா 10-லயே இருங்க.
• சத்தம் பிடிக்கலையா? பழைய பிக்கப்பின் அளவிலேயே வேற பிக்கப் கிடைக்கும். பழசைக் கவர்ல போட்டுப் பத்திரப்படுத்துங்க.
• ஃப்ரெட் தேய்ஞ்சதா? மாத்துங்க. அது டயர் மாதிரி, தேயத்தான் இருக்கு.

16/
டாக்டர்ங்கிற முறையில ஒரு எச்சரிக்கை, இதை மட்டுமாவது ஷேர் பண்ணுங்க. பழைய பெயின்டை உரிக்க மெத்திலீன் குளோரைடு கலந்த திரவம் வாங்கி மூடின அறையில உட்காராதீங்க. அது உடம்புக்குள்ள போய் கார்பன் மோனாக்சைடா மாறும். அமெரிக்காவில் குளியல் தொட்டி பெயின்ட் உரிக்கும் வேலையில் இதனால் பலர் இறந்திருக்கிறார்கள். அங்கே 2019-ல் இதைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை வந்தது.

17/
சால்டரிங் செய்யறவங்களுக்கு: புகையில பெரும்பாலும் வர்றது ரோசின். ஆஸ்துமாவைத் தூண்டும், ஜன்னலைத் திறந்து வைங்க. பழைய சால்டர்ல ஈயம் இருக்கும். அது முக்கியமா கை வழியா வாய்க்குப் போகும். வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கை கழுவிட்டுச் சாப்பிடுங்க. குழந்தைங்க விளையாடற இடத்துல இந்த வேலையே வேண்டாம்.

18/
என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான். ஒவ்வொரு பழைய கிட்டார் பெட்டியிலும் ஒரு நோட்டு வைங்க. கேஸ் ஷீட். எந்த வருஷம் ஃப்ரெட் மாத்தினது, எந்தப் பிக்கப் சுத்தினது, யார் செஞ்சது, கழற்றின பாகம் எங்கே இருக்கு. விக்கும்போது நோட்டையும் சேர்த்துக் கொடுங்க. வாங்கறவங்க “ஒரிஜினலா?”னு கேக்கறதுக்குப் பதிலா “நோட்டு இருக்கா?”னு கேளுங்க. நோட்டு உள்ள கிட்டாருக்குக் கூடுதல் விலை கொடுங்க. மறைக்கிற பழக்கம் தானா நிக்கும்.

19/
என் மஸ்டாங்? வேற ஒருத்தர்கிட்ட ஃப்ரெட் மாத்தினேன். பிரிட்ஜை இறக்கினேன். மறுபடி சுத்தின பிக்கப்பை அப்படியே விட்டுட்டேன், அருமையா பாடுது. விலை குறைஞ்சிருக்கும், தெரியும். நேத்து ராத்திரி ட்யூட்டி முடிஞ்சு வந்து 40 நிமிஷம் வாசிச்சேன். எஃப் கார்டு உட்பட. கட்டைவிரல் ஒண்ணும் சொல்லல.

20/
நோட்டுல முதல் பக்கம் எழுதியாச்சு. முதல் வரி: “இதற்கு முன் நடந்த சிகிச்சை மறைக்கப்பட்டது. யார் செய்தார்கள் என்று தெரியவில்லை. நல்ல வேலை.” கடைசிப் பக்கங்கள் காலியா இருக்கு, எனக்கு அப்புறம் வர்றவங்களுக்கு.

திட்டணும்னா கீழே திட்டுங்க. கட்டைவிரல் வலி இருக்கிறவங்க மட்டும் திட்டறதுக்கு முன்னாடி கையைக் காட்ட உங்க ஊர் டாக்டரைப் பாருங்க.