தந்திக்கு ஏன் இந்தப் பளபளப்பு?

பேஸ் கிடாருக்குப் புதுத் தந்தி மாட்டியவுடன், "ஆஹா, என்ன பளிச்சென்று கேட்கிறது!" என்று பூரித்துப் போகிற அன்பர்களைக் கண்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பளிச்சென்று கேட்பதற்கு மேடையில் வேறு வாத்தியமே இல்லையா? மந்தர ஸ்தாயியில் நின்று மற்றவர்களைத் தாங்க வேண்டிய வாத்தியத்துக்கு இந்த ஆசை எதற்கு?

கதை எழுதுகிறவனுக்குக் கம்பியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். நான் சொல்லை நம்பிப் பிழைக்கிறவன். பாட்டில் சொல் புதைந்து போனால் புகார் செய்ய எனக்குப் பாத்தியதை உண்டு.

விஷயம் இதுதான். பேஸ் கிடாரின் மிகத் தடித்த தந்தி வினாடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. அந்த அடிநாதத்தோடு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேல்நாதங்களும் பிறக்கின்றன. தந்தியின் நடுவே ஓர் எஃகுக் கம்பி. அதன்மேல் இன்னொரு கம்பி சுற்றியிருக்கும். சுற்றிய கம்பி உருண்டையாக இருந்தால் அதை ரவுண்ட் வவுண்ட் என்பார்கள். தந்தி நெடுக மேடும் பள்ளமும்; மேல்நாதங்கள் கணகணவென்று வெகுநேரம் நிற்கும்; விரல் நகரும்போதெல்லாம் 'கீச்' என்ற சத்தமும் இலவசம். சுற்றியது பட்டையான நாடாவாக இருந்தால் அது ஃப்ளாட் வவுண்ட். தொட்டால் வழவழப்பு; மேல்நாதங்கள் சீக்கிரம் அடங்கிவிட, அடிநாதம் திரண்டு நிற்கும்.

இப்போது நம் ஊர்க் கல்யாண மெல்லிசைக் கச்சேரியில் பாடுகிறவரை நினைத்துப் பாருங்கள். அவர் உச்சரிக்கும் வல்லின எழுத்துக்களைக் காதுக்குத் தெளிவாக்குவது, பெரும்பாலும் வினாடிக்கு 2000 முதல் 4000 வரை அதிர்வுள்ள பகுதி. புதுத் தந்தியின் உலோகச் சத்தமும் விரலின் கீச்சும் போய் உட்காருவது அதே இடத்தில்தான். விருந்தாளிக்குப் போட்ட இலையில் வீட்டுக்காரரே உட்கார்ந்து கொண்டால் எப்படி?

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் ஒலிப்பதிவுகளில் 1960களில் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்ஸன். 1962-ஆம் வருஷத்து ஃபெண்டர் பிரிஸிஷன் கிடாரில் லா பெல்லா என்னும் கனத்த பட்டைத் தந்திகளை மாட்டிக் கொண்டார். அறுந்தாலொழிய அவற்றை மாற்றுவது அபூர்வம். 1971-இல் வெளிவந்த மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாட்டைக் கேளுங்கள். பேஸ் ஓடி விளையாடுகிறது. ஆனாலும் ஒரு சொல்கூட மறையவில்லை.

"அது பழைய ருசி. 1966-இல் இங்கிலாந்தில் ஜான் என்ட்விஸில் ரோட்டோசவுண்ட் கம்பெனியாரோடு சேர்ந்து உருண்டைச் சுற்றுத் தந்தியைச் செம்மைப்படுத்தவில்லையா?" என்பார்கள். செய்தார். அவருடைய 'தி ஹூ' கோஷ்டியில் வேறு கிடார் ஒன்றே ஒன்று. பேஸும் முன்னால் வந்து பேச வேண்டியிருந்தது. மெட்டில்லாத பேஸில் உருண்டைச் சுற்றுத் தந்தி மாட்டிய ஜாக்கோ பாஸ்டோரியஸ், பல இடங்களில் தாமே பாடகர் ஸ்தானத்தில் நின்றவர். அவர்கள் காரியம் வேறு. பின்பாட்டுக்கு வந்தவர் அவர்களைப் பார்த்து அலங்காரம் செய்து கொள்வானேன்?

இன்னொருவர் தம்புராவைக் கொண்டு மடக்குவார். குதிரைமேல் நூல் வைத்து மேல்நாதத்தை நாமே எழுப்புகிறோமே என்பார். நல்ல கேள்வி. தம்புரா சுருதியைவிட்டு அசைவதில்லை. அதன் மேல்நாதங்கள் ஒன்றையொன்று அணைத்துக் கொள்ளும். பேஸ் ஸ்வரத்துக்கு ஸ்வரம் நடந்து போகிற வாத்தியம். போன ஸ்வரத்தின் கணகணப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்தால் இரண்டும் முட்டிக் கொள்ளும்.

"டோன் குமிழைத் திருகினால் போதாதா?" போதாது. குமிழ் மேல்நாதத்தை வெட்டும். தந்தி அடங்கும் விதத்தை அது மாற்றாது.

ஆகவே பட்டைச் சுற்றுத் தந்தியை வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும். பெரும்பாலும் இழுவிசை அதிகமாக இருக்குமாதலால், கிடாரின் கழுத்தைப் பழுது பார்ப்பவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அவ்வளவு மாறுதல் வேண்டாமென்றால் சுத்த நிக்கல் சுற்றிய தந்தி இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகைவிட இதமானது. நைலான் நாடா சுற்றியதும் உண்டு. குதிரையருகே தந்திகளுக்கடியில் கொஞ்சம் ஸ்பாஞ்சு செருகலாம். ஒன்றும் முடியாதவர்கள் பழைய தந்தியைக் கழற்றாமலிருந்தாலே போதும். வியர்வையும் அழுக்கும் சேர்ந்து, பளபளப்பைக் காசு வாங்காமல் குறைத்துவிடும்.

கடையில் தனியாகத் தட்டிப் பார்த்துத் தந்தியைத் தீர்மானிப்பதுதான் இந்த வினைக்கெல்லாம் மூலம். தனியாகக் கேட்டால் பளபளப்புத்தான் ஜெயிக்கும். பக்கத்தில் ஒருவரைப் பாடச் சொல்லிவிட்டு வாசித்துப் பாருங்கள். சொல் காதில் விழுகிறதா? அந்தத் தந்தியை வாங்குங்கள்.