கடல் ஏறுகிறது, எல்லையை வகுப்பவர் யார்?

கட்டடக்கலை பயிலும் மாணவர்கள் அளவு நாடாவும் குறிப்பேடும் கொண்டு நகரக் கரையோரங்களுக்குச் சென்று, கடல்மட்ட உயர்வால் நாளை நேரக்கூடியதை ஆராய்வது இன்று பல நாடுகளிலும் கல்வியின் ஓர் அங்கமாகிவிட்டது. படம் வரையும் பிள்ளைகளின் வேலையால் உழவனுக்கும் கடற்றொழிலாளிக்கும் ஆவதென்ன என்று கேட்போர் உளர். அவர்கள் சட்டத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பார்களாக.

1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், கடலின் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றரைக் கரையோர வலயம் என வரையறுக்கிறது. அதனுள் வீடு கட்டுவதற்கும் அனுமதி வேண்டும். அந்த நீர்க்கோடோ கல்லிற் பொறித்ததன்று; கடல் ஏற அதுவும் ஏறும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சதமமீற்றர் உயர்ந்ததென்றும், வெப்பவாயுக்கள் மட்டின்றி வெளிவிடப்படின் இந்நூற்றாண்டின் முடிவில் ஏறக்குறைய ஒரு மீற்றர்வரை உயரலாமென்றும் ஐக்கிய நாடுகளின் காலநிலை அறிஞர் குழு 2021 இல் அறிவித்தது. தட்டையான எம் குடாநாட்டிலே, இன்று வலயத்துக்கு வெளியே கிடக்கும் காணி நாளை உள்ளே வந்துவிடும். உறுதி கையிலிருக்கும், உரிமை சுருங்கிவிடும்.

இது வெறும் அச்சமன்று. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், 2005 இல் அரசு கட்டடத் தடைவலயம் வகுத்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் 200 மீற்றர். வள்ளமும் வலையும் கரையிலே கிடக்க, மீனவன் அங்கு வீடு கட்டலாகாது என்ற அவ்விதி, சுற்றுலா விடுதிகளுக்கு விலக்களித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது உண்மையே. ஆயினும் அதற்கிடையில் எத்தனை குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களிலே காலங்கழித்தன!

எல்லையே வேண்டாம் என்பது எமது வாதமன்று. ஆபத்து மெய், பாதுகாப்பும் வேண்டும். ஆனால் கரையை மிதித்துப் பாராதவர் மேசைமேல் இழுக்கும் எல்லை நீதியாகாது. கள ஆய்வின் பயன் இங்கேதான் உளது. பருத்தித்துறையிலும் வல்வெட்டித்துறையிலும் வீட்டுத் திண்ணையின் உயரம் என்ன? வள்ளம் இழுத்து வைக்கும் இடம் எது? மழைவெள்ளம் வடியும் வாய்க்கால் கடலை எந்த மட்டத்திற் சேர்கிறது? எந்தக் கிணறு எப்போது உவரானது? ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டிலே, சுண்ணக்கற் பாறையினுள் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரே வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உயிர். கடல் உயர உவரும் உயரும். ஆதலால் கரைக்குத் தொலைவிலுள்ள தோட்டக்காரனும் இவ்வழக்கில் ஒரு கட்சிக்காரனே.

மொறட்டுவைப் பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவர் வடகரைக்கு வரவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் மாணவர் அவர்களோடு சேரவேண்டும். கேட்பதும் எழுதுவதும் தமிழில் நிகழவேண்டும். முடிவுகளின் ஒரு பிரதி நகரசபையிலும் பிரதேச சபையிலும், எவரும் பார்க்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும்.

ஒல்லாந்தர் தம் வரிக்காகக் காணிகளைத் தோம்பிலே பதிந்தனர். நாம் எம் உரிமைக்காகக் கரையோரத்தைப் பதிவோம். சாட்சியம் இல்லாதவன் வழக்கு, நியாயம் இருந்தும் தோற்கும். கடல் எமக்குத் தவணை தராது. மாணவர் வரும்போது வாயிலைத் திறந்து, கிணற்றையும் கரையையும் காட்டுங்கள்.