மேசைமேல் கிடக்கும் கைபேசியும் நம் ஒலியியல் முடிவுகளும்

மின்கிதாரின் உறுமலைப் பதிவுசெய்பவர், 1965 முதல் புழங்கும் ஷூர் எஸ்எம்57 ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக் கூம்பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓர் அங்குலம் நகர்த்திக் கேட்கிறார். நடுவில் கூர்மை, ஓரத்தில் மந்தம். அந்த ஓர் அங்குலத்துக்காகப் பலமுறை எழுந்து நடப்பார். சித்தூர், திருப்பதி வட்டாரத் தமிழை ஆராயும் நாமோ கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுத் தேநீர் அருந்துகிறோம்.

இங்குள்ள தமிழர் ஸகர ஷகர வேறுபாட்டை இழந்தனர் என்று எழுதுமுன் பதிவைப் பாருங்கள். 8 கிலோஹெர்ட்ஸில் மாதிரியெடுத்த அழைப்புப் பதிவில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இராது; ஸகரத்தின் ஆற்றலோ பெரும்பாலும் அதற்கு மேலேதான். இழந்தது பேசியவரா, கருவியா? ஒருதிசை ஒலிவாங்கியை வாயருகே கொண்டுசென்றால் தாழ்அலைகள் வீங்கும். குரல்தரம் பற்றிய அளவீடு அங்கேயே கெடும். கைபேசியின் இரைச்சல்நீக்கியோ உரசொலியையே இரைச்சலென்று தின்னக்கூடும்.

பணமில்லை என்பது சாக்கு. வாய்க்கு நேர்முன்னே அன்றி ஓரமாக நிற்கும் தலையணி ஒலிவாங்கி, 44.1 கிலோஹெர்ட்ஸ், சுருக்கப்படாத வேவ் கோப்பு: இவ்வளவே. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்ததை நினைவில் வைத்திருக்கும் முதியவர்களை மறுபடி பதிவுசெய்ய நெடுங்காலம் வாய்க்காது. ஒலிவாங்கியின் பெயரும் தொலைவும் கோணமும் குறிக்கப்படாத ஆய்வேட்டில் நெறியாளர் கையொப்பமிடக் கூடாது.